தூண்டில் மீனின் சினை

முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிரம்பு பிடித்த மனுஷன், அதிலும் கடைசிப் பதினோரு வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர், ஓய்வு பெற்ற மறு மாசமே மலைமேல் ஒரு மீன் பண்ணையில் சீடனாகப் போய்ச் சேர்ந்தார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? சிரித்தது. நன்றாகவே சிரித்தது.

அவர் பெயர் மாசிலாமணி. குரு யாரென்று கேட்டால் இன்னும் சிரிப்பு. சூசையம்மா, வயது நாற்பத்திரண்டு, படிப்பு எட்டாம் வகுப்பு. பண்ணையில் தொட்டி கழுவ வந்தவர், இருபது வருஷத்தில் பண்ணையே அவர் கைக்குள் வந்துவிட்டது. மாசிலாமணி ஒருநாள் நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் சூசையம்மா முட்டைத் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். "மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும்னு வருஷா வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். ஒரு தடவைகூடக் கண்ணால பார்த்ததில்லைம்மா" என்றார். "அப்ப நாளைக்கு வாங்க சார்" என்றார் சூசையம்மா. அவ்வளவுதான் தீட்சை.

தலைமையாசிரியரின் மனைவி சந்தோஷமாக அனுப்பி வைத்தார். வீட்டில் இருந்தால் சாம்பாரைத் திருத்துகிறாராம்.

அந்தப் பண்ணையில் வளர்ந்தது டிரவுட் மீன். சால்மனுக்கு நெருங்கிய சொந்தம். வெள்ளைக்காரர் காலத்தில் கடல் தாண்டி வந்து, இந்த மலையின் குளிர்ந்த ஓடைகளில் தங்கிவிட்ட ஜாதி. தண்ணீர் கொஞ்சம் சூடானால் போதும், முகத்தைத் திருப்பிக்கொண்டு செத்துப்போகும். அவ்வளவு கோபக்கார மீன்.

மாசிலாமணி சேர்ந்த இரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில் மேட்டுச் சரிவு அப்படியே இறங்கிப் பண்ணைக் குளங்களில் விழுந்தது. ஒரே காலையில் எல்லாம் சேறு. சினை மீன்கள், வளர்ந்த மீன்கள், எல்லாம் போச்சு. மேல்தொட்டியில் தனியாக விட்டிருந்த ஆறு ஆண் மீன்கள் மட்டும் மிச்சம்.

பத்தாம் நாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. தை இருபதாம் தேதி அதிகாரி வருவார். தொட்டியில் உயிருள்ள முட்டையோ குஞ்சோ இல்லையென்றால் பண்ணையை மூடிவிட்டு, இடத்தைப் படகுச் சவாரிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

சூசையம்மா கடிதத்தை மடித்துத் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் செருகினார். அவர் அழுது மாசிலாமணி பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை. ஆனால் மத்தியானம் கொண்டுவந்த சோற்றை அவர் தொடவில்லை.

"ஓடையில இன்னும் மீன் இருக்கு சார்" என்றார் சாயங்காலம்.

"பிடிக்கலாமே!"

"வலை போடக் கூடாது. தூண்டில்தான். அதுக்கும் அனுமதிச் சீட்டு வாங்கினவன்தான் போடணும். லாசர்கிட்ட கேட்டுப் பாருங்க."

லாசர் தேயிலை ஆலையில் மெக்கானிக்காக இருந்து விலகியவன். இப்போது தூண்டில்தான் அவன் பிழைப்பு. பிடிக்கிற மீனை விடுதிச் சமையலறைக்குக் கொடுப்பான். மாசிலாமணியிடம் ஏழாம் வகுப்பில் படித்தவன் வேறு. வாத்தியாரே அவன் வீட்டு வாசல் ஏறி வந்து சினை மீன் கேட்டதும் அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"சார், நான் பிடிக்கிறது கொல்றதுக்கு. உங்களுக்கு வேணும்கிறது பொழைக்கிறதுக்கு. நடுவுல தூண்டில் முள்ளு இருக்கே, அதை என்ன பண்றது?"

மாசிலாமணிக்குப் பதில் தெரியவில்லை. ஒரு தலைமையாசிரியருக்கு அதைவிட அவமானம் உண்டா? மறுநாள் குருவிடம் கேட்டார்.

"தூண்டில்ல மாட்டின மீனோட முட்டை, பண்ணைக்கு ஆகுமாம்மா?"

சூசையம்மா தொட்டி தேய்த்துக்கொண்டே சொன்னார்: "மீன் எந்த வழியா வந்துச்சுன்னு முட்டைக்குத் தெரியுமா சார்?"

கார்த்திகை முடியப் போகிற ஒரு நாள், சூசையம்மா கெடுவைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லி அதிகாரியைப் பார்க்கக் கீழே டவுனுக்குப் போயிருந்தார். அன்றைக்கென்று பார்த்து லாசர் ஒரு வாளியோடு வந்து நின்றான். வாளிக்குள் உயிரோடு ஒரு பெண் மீன். வயிறு புடைத்திருந்தது.

"இந்தாங்க சார். என் பொழைப்புல ஒருநாள் போச்சு."

மாசிலாமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன வருஷம் சூசையம்மா செய்ததை நாற்பது தடவையாவது பார்த்திருக்கிறார். லாசர் மீனைத் துணியால் பிடித்துக்கொள்ள, இவர் வயிற்றை மேலிருந்து கீழே மெல்லத் தடவினார். வந்தது பாருங்கள்! ஆரஞ்சு நிறத்தில், பட்டாணி பட்டாணியாக, கிண்ணம் நிறைய முட்டை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் முட்டைகளுக்கு நடுவே கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் கோழை. மாசிலாமணி யார்? காலை வழிபாட்டில் நகத்தில் அழுக்கிருந்தால் வீட்டுக்கு அனுப்பியவர். சாக்பீஸ் தூளைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தவர். ஓடையிலிருந்து பளிங்கு மாதிரி தண்ணீர் மொண்டு, முட்டைகளை மூன்று தடவை அலசினார். ஒரு துளி ரத்தம் இல்லாமல், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல ஆக்கினார். அப்புறம்தான் ஆண் மீனைப் பிடித்து, அதன் விந்துப் பாலைப் பிழிந்து விட்டு, கோழி இறகால் கலக்கினார். தட்டில் பரப்பி மூடி வைத்தார். பெண் மீனைத் தொட்டியில் விட்டார். அது பிழைத்து நீந்தியது.

"பார்த்தியாடா லாசர்!" என்று பையனின் முதுகில் தட்டினார். பையனுக்கு வயது நாற்பத்தைந்து.

சூசையம்மா மூன்று மணிக்குத் திரும்பினார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, கெடு தள்ளவில்லை. மாசிலாமணி ஓடிப்போய்ச் சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். அலசியதை இரண்டு தடவை சொன்னார்.

சூசையம்மா கேட்டு முடித்தார். தட்டின் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"சார், ஓடையில போய் ஒரு வாளி தண்ணி கொண்டாங்க."

அவர் போய் மொண்டு வந்தார். பொரிப்பறையின் கதவு சாத்தியிருந்தது.

"அம்மா, கதவு!"

தட்டினார். வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினார். தூறல் பிடித்துக்கொண்டது. சட்டை நனைந்தது. உள்ளே ஆள் இருப்பது தெரிகிறது, மூச்சுச் சத்தம்கூடக் கேட்கிறது, கதவு மட்டும் திறக்கிற பாடில்லை. மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னம்மா இது விளையாட்டு? நான் வெளிய நிக்கிறேன்!"

"ஆமா சார்" என்றார் உள்ளிருந்து சூசையம்மா. "அதுவும் அப்படித்தான் வெளிய நிக்குது."

"எது?"

"ஆண் மீனோட உயிர். முட்டையில ஊசி முனை அளவுக்கு ஒரு வாசல் இருக்கு சார். தண்ணி பட்டா ஒரே நிமிஷம், சாத்திக்கும். அப்புறம் எவ்வளவு தட்டினாலும் திறக்காது."

மழையில் நின்றபடி மாசிலாமணி வாதாடினார். படித்த வாய் அல்லவா? "மீன் தண்ணியிலதானேம்மா முட்டை போடுது?"

"தண்ணியிலதான் போடும். ஆணும் பெண்ணும் பக்கத்துல பக்கத்துல நின்னு ரெண்டும் ஒரே நொடியில விடும். அதுங்களுக்கு அவசரம் தெரியும் சார். உங்களுக்குச் சுத்தம்தான் தெரியும்."

கதவு திறந்தது. மாசிலாமணி உள்ளே வரவில்லை. வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அத்தனையும் போச்சா?"

"போச்சு."

"நான் கொன்னுட்டேன்."

"கொல்லலை. உயிரே சேரலை. கொட்டிருங்க."

ஓடையில் கொட்டினார். எங்கிருந்தோ பொடி மீன்கள் வந்து மொய்த்தன. அதைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சூசையம்மாவே அவர் வீட்டுக்கு வந்தார், ஒரு மூட்டைத் துணியோடு.

"சார், இதெல்லாம் காயணும். சொட்டு ஈரம் இருக்கக் கூடாது."

"இந்தப் பனியில எப்படிம்மா காயும்?"

"அதுதான் சார் வேலை."

மார்கழிப் பனியில் அந்த மலையில் துணி காய வைப்பது லேசுப்பட்ட காரியமா? இன்றைக்குப் போட்ட துண்டு நாளை மறுநாளும் சில்லென்றுதான் இருக்கும். மாசிலாமணி பரணிலிருந்து கரி இஸ்திரிப் பெட்டியை இறக்கினார். ஒவ்வொரு துணியையும் தேய்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். திரும்பத் தேய்த்தார். கிண்ணங்களை அடுப்பு மேட்டில் கவிழ்த்து வைத்தார். "உங்க குரு அம்மா உங்களுக்குச் சரியான வேலை குடுத்திருக்காங்க" என்று மனைவி சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. தினமும் துணி மூட்டையோடு பண்ணைக்குப் போனார், தினமும் எதுவும் வராமல் திரும்பினார்.

லாசர் ஓடையில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தான். கிடைத்ததெல்லாம் ஆண். இல்லாவிட்டால் சினை முற்றாத பெண். ஒன்றின் வயிற்றில் முட்டை ஜவ்வுக்குள் ஒட்டிக்கொண்டு கொத்தாக இருந்தது. "இது இன்னும் தயாராகலை. ஓடையிலயே விட்டுரு" என்றார் சூசையம்மா. லாசர் முணுமுணுத்துக்கொண்டு போய் விட்டான்.

மார்கழி முடிய மூன்று நாள் இருந்தது. புல்லெல்லாம் உறைபனி. பத்து மணி வாக்கில் மேட்டுப் பாதையில் லாசர் ஓடி வருவது தெரிந்தது. நாற்பத்தைந்து வயது ஆள், வழுக்குகிற பாதையில், முழங்காலில் ரத்தத்தோடு.

கூடையைத் திறந்தான். பெரணி இலையில் சுற்றி ஒரு பெண் மீன். பெரியது. வயிறு தளர்ந்து தொங்கியது. செவுள் அசையவில்லை.

"முள்ளை ஆழமா முழுங்கிருச்சு. கரைக்கு வரும்போதே முடிஞ்சு போச்சு" என்றான். மூச்சு வாங்கியது. "மேல் மடுவுலேர்ந்து ஓடி வரேன். ஒரு மணி நேரம் ஆயிருக்கும். விடுதிக்குப் போயிருக்கலாம். என்னமோ கால் இங்க வந்துருச்சு."

மாசிலாமணி மீனைத் தொட்டார். பனிக்கட்டி மாதிரி இருந்தது.

"அம்மா, இது செத்த மீன்."

"ஆமா."

"இதோட முட்டை எப்படிம்மா உயிராகும்?"

"எனக்குத் தெரியாது சார்."

அவர் திடுக்கிட்டார். குரு அப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

"தெரியாமயா செய்யப் போறீங்க?"

"நான் செய்யலை. நீங்க செய்யுங்க." சூசையம்மா கத்தியை அவர் பக்கம் தள்ளினார். "குளிர்ல வந்திருக்கு. தண்ணி படாம வந்திருக்கு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

மாசிலாமணி கையைத் துடைத்தார். இன்னொரு துணியால் மீனைத் துடைத்தார், தலையிலிருந்து வால் வரைக்கும், குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுகிற மாதிரி. கத்தியை மெல்ல ஓட்டினார். முட்டைகள் ஒட்டாமல், உதிரி உதிரியாகக் காய்ந்த கிண்ணத்தில் விழுந்தன. சூசையம்மா ஒரு பெருமூச்சு விட்டார். முற்றிய சினை.

கூடவே இரண்டு சொட்டு ரத்தமும் விழுந்தது.

மாசிலாமணியின் கை தானாகவே தண்ணீர்க் குவளைப் பக்கம் போனது. அறுபது வருஷப் பழக்கம், சொன்ன பேச்சைக் கேட்குமா? விரல் குவளையின் காதைப் பிடித்தேவிட்டது. லாசர் "சார்" என்று வாயெடுத்தான். சூசையம்மா அவன் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

கை அங்கேயே நின்றது. பிறகு குவளையை விட்டது. ஒரு துணியின் நுனியைத் திரி மாதிரி முறுக்கி, அந்த இரண்டு சொட்டையும் ஒற்றி எடுத்தார். எடுத்துவிட்டார்.

"ஆணைக் கொண்டா லாசர். நல்லாத் துடைச்சிட்டு."

பால் விழுந்தது. இறகால் கலக்கினார், ஒருதரம், இருதரம். நிமிர்ந்து குருவைப் பார்த்தார்.

"இப்பத் தண்ணிம்மா?"

"இப்பத் தண்ணி."

தட்டில் பரப்பி, ஓடுகிற தண்ணீரில் வைத்து, வெளிச்சம் படாமல் கறுப்புப் பலகையால் மூடினார்கள். லாசர் வெறும் மீனைத் திரும்ப இலையில் சுற்றிக்கொண்டான். "சினை உங்களுக்கு. கறி எனக்கு. வீட்ல கேப்பாங்க" என்றான்.

அதற்கப்புறம் தொடக் கூடாது, ஆட்டக் கூடாது, அடிக்கடி திறக்கவும் கூடாது. கருப் பிடிக்கிற காலம். மாசிலாமணி பொங்கலன்றைக்குக்கூடப் பண்ணையில்தான் இருந்தார். வடிகட்டியில் இலை அடைத்தால் எடுப்பார். தண்ணீரில் விரல் வைத்துக் குளிர் பார்ப்பார். அப்புறம் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

"பார்க்கலாமாம்மா?"

"நாளைக்கு சார்."

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். தேர்வு முடிவுக்குக் காத்திருந்த பிள்ளைகளை எத்தனை வருஷம் அதட்டி உட்கார வைத்தோம் என்று நினைத்துக்கொண்டார். அந்தப் பிள்ளைகள்மேல் அவருக்கு இப்போதுதான் இரக்கம் வந்தது.

தை இருபது வந்தது. கூடவே அதிகாரியும் வந்தார். கெட்டவர் இல்லை. இளம் வயது, கழுத்தில் மப்ளர், முகத்தில் இந்த வேலையை எப்போது முடிப்போம் என்கிற சங்கடம். தொட்டிகளைப் பார்த்தார். ஆறு ஆண், ஒரு பெண்.

"முட்டை?" என்றார்.

சூசையம்மா பலகையில் கை வைத்தார். லாசர் வாசலிலேயே நின்றுகொண்டான், உள்ளே வரத் தைரியமில்லாமல்.

பலகை விலகியது. தட்டில் பாதிக்கு மேல் வெள்ளை. பாலாடை மாதிரி வெளுத்துச் செத்த முட்டைகள். மாசிலாமணி குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் குனிந்தார்.

வெள்ளைக்கு நடுவே ஆரஞ்சு முட்டைகளும் இருந்தன. அங்கங்கே, நிறையவே.

அதிகாரியும் குனிந்தார். "இதுல என்ன, கறுப்பாப் புள்ளி புள்ளியா? அழுக்கா?"

மாசிலாமணி ஒரு புள்ளியை விரலால் காட்டினார்.

"கண்ணு சார்."

"என்னது?"

"கண்ணு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு. உள்ள குஞ்சு இருக்கு சார். நம்மளைப் பார்க்குது."

சொல்லிவிட்டு அவர் அழுதார். பத்து மைல் சுற்றுவட்டாரத்தில் எவனும் பார்த்திராத காட்சி. சூசையம்மாவும் அழுதார், முந்தானையால் மறைக்கக்கூட இல்லை. அதிகாரி சங்கடப்பட்டுக்கொண்டு தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு முட்டைக்குள் என்னமோ துடிப்பாக அசைந்தது. மனுஷன் "அடேயப்பா!" என்று ஒரு அடி பின்னால் போனார். கொண்டுவந்த தாளில் எதையோ அடித்து, எதையோ எழுதினார். "பண்ணை இயங்குகிறது" என்று அவர் எழுதியதை லாசர் உள்ளே வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்தான். ஜீப் போன பிறகும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்புறம்தான் அவன் தட்டுக்குப் பக்கத்தில் வந்தான்.

"இதுல எது நான் கொண்டாந்தது?"

"எல்லாம்தான்டா" என்றார் மாசிலாமணி.

லாசர் வெகுநேரம் பார்த்தான். தூண்டில் கழியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறிப் போனான். போகும்போது என்னமோ சீட்டியடித்தான்.

குருவும் சீடரும் செத்த முட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க உட்கார்ந்தார்கள். வெள்ளையை விட்டுவைத்தால் பூஞ்சை பிடித்து நல்லதையும் கெடுத்துவிடும். வெயில் வந்திருந்தது. தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்தான். மாசிலாமணியின் மனம் நிறைந்திருந்தது. ஆனாலும் வாத்தியார் மனசு, கேள்வி இல்லாமல் இருக்குமா?

"அம்மா."

"சொல்லுங்க சார்."

"இதுங்க பொரிச்சு, வளர்ந்து, ஓடைக்குப் போகும்."

"போகும்."

"அங்க லாசர் நிப்பான். கையில தூண்டிலோட."

"நிப்பான்."

"இவ்வளவு பாடுபட்டு வளர்த்து விடறோம். அவன் பிடிச்சிருவானேம்மா?"

சூசையம்மா ஒரு வெள்ளை முட்டையை எடுத்துப் போட்டுவிட்டு, மேட்டுப் பாதையைப் பார்த்தார்.

"பிடிக்கட்டும் சார். எங்க கொண்டாந்து குடுக்கணும்னு அவனுக்கு இப்பத் தெரியும்ல?"